தையல் மிஷின் காசுல ஒரு சங்கீத வீடு: பாரிஸ், வெனிஸ் டைரி

செவ்வாய், பாரிஸ்

ஆர்சே மியூசியத்துல லிஃப்ட் கதவு திறந்ததும் மொத்தக் கூட்டமும் வான்கோ பக்கம் ஓடுது, நான் மட்டும் மோனே வரைஞ்ச ஒரு டூலிப் வயலைத் தேடிக்கிட்டு சுத்தினேன். 1886ல அவர் ஹாலந்து போயிருந்தப்ப வரைஞ்சது. பெரிய படம்லாம் இல்ல. கிட்டப் போய்ப் பார்த்தா அதுல பூவே கிடையாது, சிவப்பும் மஞ்சளுமா பெயிண்ட்டைக் கெட்டியா அப்பி அப்படியே இழுத்து விட்டிருக்கார், அந்தக் கோடுங்க மேல இன்னும் பிரஷ் முடி போன தடம் தெரியுது. நாலடி பின்னாடி வந்து பார்த்தாதான் அது வயலாகுது. பக்கத்துல நின்ன ஒரு பையன் ஒரு செல்ஃபி எடுத்துட்டு நகர்ந்துட்டான், நான் காவலாளி சந்தேகமாப் பார்க்குற வரைக்கும் அங்கேயே நின்னேன். ஏன்னா எனக்கு இந்தப் படத்தை விட இதை வாங்கின ஆளு மேலதான் ஆர்வம், இந்த ட்ரிப்பே அவங்களுக்காகத்தான்.

கதை இதுதான். எட்மண்ட் த பொலினியாக்னு ஒரு பிரபு, வயசானவர், கையில காசு கிடையாது ஆனா பரம்பரைப் பட்டம் இருக்கு, சொந்தமா இசை எழுதுவார், எந்நேரமும் குளுருதுன்னு சால்வையைப் போத்திக்கிட்டே உட்கார்ந்திருப்பார். இந்தப் படம் ஏலத்துக்கு வந்தப்ப அவருக்கு அது மேல உசுரு. ஆனா யாரோ ஒரு அமெரிக்கப் பொண்ணு அதிக விலை கேட்டு அடிச்சிட்டுப் போயிட்டா. மனுஷனுக்கு செம கடுப்பு. கொஞ்ச வருஷம் கழிச்சு அதே பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார், அப்புறம் வீட்ல உட்கார்ந்தே தினமும் படத்தைப் பார்த்துக்கிட்டார். இதை எழுதி வச்சது பிரெஞ்சு நாவலாசிரியர் ப்ரூஸ்த், 1903ல ஃபிகாரோ பத்திரிகையில புனைபெயர்ல. அவரும் இவங்க வீட்ல நடந்த கச்சேரிக்குப் போய் உட்கார்ந்த ஆளுதான்.

அந்தப் பொண்ணு பேரு வின்னரெட்டா சிங்கர். ஆமா, நம்ம வீட்டுத் தையல் மிஷின் சிங்கர்தான். ஐசக் சிங்கரோட பொண்ணு. எங்க பெரியம்மா வீட்ல ஜன்னல் ஓரமா இருந்த கறுப்பு மிஷின், தங்கக் கலர்ல எழுத்து, அதுல கை படுற இடத்துல மட்டும் கலர் போயி வெறும் இரும்பு தெரியும், பாபின் மாட்டுறப்ப எங்களைக் கிட்டயே விட மாட்டாங்க. அந்தக் காலத்துல தமிழ்நாட்ல எத்தனை குடும்பம் அந்தப் பெடலை மிதிச்சு அடுப்பு எரிச்சிருக்கும், அதுல ஒரு பங்கு லாபம் இங்க பாரிஸ்ல ஸ்ட்ராவின்ஸ்கி, சாட்டி மாதிரி கம்போஸருங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்குன்னு எனக்குத் தெரிஞ்சப்ப நம்பவே முடியல.

ஐசக் ஆரம்பத்துல நாடக நடிகர். 1851ல மிஷினுக்குப் பேட்டன்ட் வாங்கினார். அவரும் பார்ட்னர் எட்வர்ட் கிளார்க்கும் தவணை முறையில மிஷின் விக்க ஆரம்பிச்சாங்க, அங்கதான் காசு கொட்டுச்சு. அவருக்குப் பல பெண்கள் மூலமா 24 பிள்ளைங்க, வின்னரெட்டா அதுல 20ஆவது. 1865ல நியூயார்க் பக்கத்துல பொறந்தாங்க, அப்பா 1875ல இங்கிலாந்துல செத்துப் போனாரு, அப்புறம் அம்மா இவங்களைக் கூட்டிக்கிட்டு பாரிஸ் வந்துட்டாங்க. 14ஆவது பொறந்தநாளுக்கு என்ன வேணும்னு கேட்டதுக்கு, பீத்தோவனோட ஓபஸ் 131 குவார்ட்டெட்டை, அதாவது நாலு பேர் சேர்ந்து வாசிக்கிற இசையை, வீட்ல ஆள் வச்சு வாசிக்கணும்னு கேட்டுச்சாம் அந்தப் பொண்ணு. அது என்ன மாதிரி மியூசிக்னு கேட்டுப் பாருங்க, பெரியவங்களே திணறுவாங்க. அந்த வயசுல நான் கேட்டது சைக்கிள்.

புதன், பாரிஸ்

காலையில மெட்ரோ 9ஆம் லைன்ல ரூ த லா போம்ப் ஸ்டேஷன்ல இறங்கினேன். 16ஆம் வட்டாரம் முழுக்க பணக்காரக் களை. சத்தமே இல்ல, ஒரு டீக்கடை மாதிரி எதுவும் கண்ணுல படல, நாயை வாக்கிங் கூட்டிட்டுப் போறவங்க போட்டிருக்க கோட்டைப் பார்த்தாலே விலை தெரியும். ஜார்ஜ் மாண்டெல் அவென்யூ, 43ஆம் நம்பர், வின்னரெட்டாவோட வீடு. அந்தக் காலத்துல இந்த ரோட்டுக்கு ஆன்ரி மார்ட்டின்னு பேரு. எதிர்ச் சாரியில 36ஆம் நம்பர்ல தான் மரியா கல்லாஸ் கடைசிக் காலத்துல இருந்தாங்க, 1977ல செத்ததும் அங்கதான். ஒரே ரோட்ல எவ்வளவு சங்கீதம்.

வீடு மூலையில நிக்குது, பக்கவாட்டுத் தெரு பேரு கோர்டம்பேர். 1887ல வாங்கின இடம், இப்ப நாம பார்க்குற கட்டடம் 1904ல இடிச்சுப் பெருசாக் கட்டினது. அந்த 1887லதான் முதல் கல்யாணமும். ராத்திரி மாப்பிள்ளை கிட்ட வந்தப்ப அலமாரி மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டு குடையைக் காட்டி மிரட்டினாங்கன்னு பாரிஸ் பூரா ஒரு கதை ஓடிச்சு, நடந்துச்சோ இல்லையோ கதை மட்டும் இன்னும் ஓடுது. 1892ல அந்தக் கல்யாணம் செல்லாதுன்னு ரத்தாச்சு. 1893ல எட்மண்டோட ரெண்டாவது கல்யாணம், அவருக்கு 59, இவங்களுக்கு 28. இவங்களுக்கு நாட்டம் பொண்ணுங்க மேல, அவருக்கு ஆம்பளைங்க மேல, ரெண்டு பேருக்கும் அது தெரியும். நடுவுல இருந்தது சங்கீதம் மட்டும்தான், அது போதுமா இருந்திருக்கு, 1901ல அவர் சாகுற வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் அப்படி மதிச்சிருக்காங்க. நல்லா இருந்த கல்யாணம்னு நான் சொல்லுவேன், யாரும் சண்டைக்கு வரலாம்.

இந்த அம்மா வெறும் காசு கொடுக்குற ஆள் இல்லங்கறதுதான் எனக்கு முக்கியமாப் படுது. பியானோ நல்லா வாசிப்பாங்க, ஆர்கன் அதைவிட நல்லா வாசிப்பாங்க. படமும் வரைவாங்க. தோட்டத்துப் பக்கம் இருந்த ஸ்டுடியோவுல காவயே-கோல் கம்பெனி ஆர்கனே நிறுத்தி வச்சிருந்தாங்க, அது பெரிய சர்ச்சுங்களுக்கு ஆர்கன் செஞ்சு கொடுத்த கம்பெனி. வந்து உட்கார்ந்து பேச்சு வார்த்தை, ஒரு கப் டீ, நடுவுல யாராவது பியானோ தட்டுறதுங்கற மாதிரி வீடு இல்ல இது. இங்க வாசிக்கிறவங்களுக்கு எதிர்ல உட்கார்ந்திருக்குற வீட்டுக்காரம்மாவுக்கு ஸ்கோர், அதாவது இசைக் குறிப்பு, படிக்கத் தெரியும்.

1888 மே மாசம் நடந்ததைக் கேளுங்க. ஷாப்ரியேன்னு ஒரு கம்போஸர், க்வென்டோலின்னு ஒரு ஆபரா, அதாவது பாட்டு நாடகம், எழுதினார், பாரிஸ் ஆபரா தியேட்டர் சீந்தவே இல்ல. 1886ல பிரஸ்ஸல்ஸ்ல மேடை ஏறிச்சு, ரெண்டு ஷோ முடிஞ்சதும் தியேட்டர் நடத்தினவர் திவால். எந்த நேரத்துல எழுதினாரோ. வின்னரெட்டா அதை எடுத்து தன் வீட்டு ஸ்டுடியோவுல நடத்திட்டாங்க. ஷாப்ரியே பியானோ. சைடுல தாள வாத்தியத்துக்கு நின்ன ஆளுங்க யாருன்னு பார்த்தா ஃபோரே, வின்சென்ட் தெந்தி, மெஸாஜே. பின்னாடி பிரெஞ்சு சங்கீதத்துக்கே தூணா நின்ன ஆளுங்க ஒரு பணக்காரப் பொண்ணு வீட்ல கையில கிடைச்சதைத் தட்டிக்கிட்டு நின்ன அந்தச் சாயங்காலத்தை யாராவது வீடியோ எடுத்திருந்தா நான் என் சொத்தையே எழுதிக் கொடுத்திருப்பேன். பெரிய சொத்து ஒண்ணும் இல்லைன்னு வைங்க.

வெளியில நின்னு பார்த்தா ஒண்ணும் தெரியாது, கல்லுச் சுவர், பெரிய கதவு, ஒரு பெயர்ப் பலகை. 1928ல அவங்க ஆரம்பிச்ச அறக்கட்டளை இன்னிக்கும் இங்கேயே இயங்குது. சும்மா டிக்கெட் வாங்கி உள்ள போக முடியாது, இளம் கலைஞர்களை வச்சு நடத்துற கச்சேரிக்கு அழைப்பு இருந்தா போகலாம். இங்க இருக்குற நண்பர் ஒருத்தர் நாளைக்கு எனக்கும் சேர்த்துப் பேர் போட்டுட்டார்.

ரூமுக்குத் திரும்பி வந்து சாட்டி எழுதின சாக்ரட்டீஸ்ங்கற இசையைக் கேட்டேன். இதுவும் அவங்க காசு கொடுத்து எழுத வச்சதுதான். அவங்களுக்கு ஒரு யோசனை இருந்துச்சு: வாக்னர், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ்லாம் ஆயிரம் வாத்தியம் வச்சு ஊதி முடிச்சாச்சு, இனி பெரிய ஆர்கெஸ்ட்ரா காலம் போயாச்சு, நல்லா வாசிக்கிற கொஞ்ச பேரை வச்சு சின்னக் குழுவுக்கு எழுதினா என்னன்னு. அதைச் சொல்லியே ஆளாளுக்கு ஆர்டர் கொடுத்தாங்க. நீளம் இவ்வளவு, வாத்தியம் இவ்வளவு, பணம் இவ்வளவுன்னு முன்கூட்டியே பேசிடுவாங்க. சாட்டிக்குப் பிளேட்டோ எழுதின சாக்ரட்டீஸ் வசனம். மனுஷன் எழுதினது என்ன தெரியுமா, சாக்ரட்டீஸ் விஷம் குடிச்சு சாகுறப்பகூட இசை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாது, பாட்டுக்காரி ஏதோ லெட்டர் படிக்கிற மாதிரி படிச்சுக்கிட்டே போறா, கீழ வாத்தியம் நடந்துக்கிட்டே இருக்கு. முதல்ல கேட்டப்ப போர் அடிச்சுது. இப்ப அந்தக் கடைசி அஞ்சு நிமிஷம் வந்தா நான் எதுவும் பேச மாட்டேன்.

அதை எழுதிக்கிட்டு இருந்தப்பவே சாட்டி ஒரு வம்பை இழுத்து வச்சார். 1917ல அவர் இசை எழுதின பரேட்ங்கற பாலே நடனத்தைத் திட்டி எழுதின விமர்சகருக்குக் கேவலமா ஒரு போஸ்ட்கார்டு போட்டுட்டார். மூடாத கார்டு, தபால்காரர்ல இருந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லாரும் படிக்கலாம். கேஸ் ஆகி எட்டு நாள் ஜெயில், அபராதம், நஷ்டஈடுன்னு தீர்ப்பு. வின்னரெட்டாதான் பணம் அனுப்பினாங்க. அந்த விமர்சகனுக்கு ஒரு பைசா தர மாட்டேன், இதுல நான் சாப்பிட்டுக்கலாமான்னு சாட்டி திருப்பிக் கேட்டு எழுதினார். அந்த மாதிரி ஆளு. எப்படியோ ஜெயிலுக்குப் போகாம தப்பிச்சார், வேலையும் முடிஞ்சுது.

வியாழன், பாரிஸ், ராத்திரி ரொம்ப லேட்

உள்ள போயிட்டு வந்துட்டேன்!

மார்பிள் படிக்கட்டு ஏறி மேல போனா அந்த ஹால். வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி ஹாலை மனசுல வச்சுக் கட்டினது. 200 பேர் உட்காரலாம்னு வைங்க, ஆனா ஹாலோட அளவு சரியா இருக்கு, வயலின்காரர் மூச்சு இழுக்குறது கடைசி வரிசைக்குக் கேக்குது. இளசுங்க நாலு பேர் குவார்ட்டெட் வாசிச்சாங்க, செல்லோ வாசிச்ச பொண்ணு ஷூவைக் கழட்டி நாற்காலிக்கு அடியில தள்ளிட்டு வாசிச்சுது, அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. மேல சுவர்ல ஓவியம், ஹோசே மரியா செர்ட்னு கட்டலோனியா ஓவியர் வரைஞ்சது, தங்கமும் கறுப்புமா ஒரே ஆரவாரம், சங்கீதம் கேட்க வந்த இடத்துல கொஞ்சம் ஓவர்தான்.

இந்த செர்ட்டோட மனைவி யாருன்னா மிசியா. பாரிஸ்ல அந்தக் காலத்துல இன்னொரு பெரிய வீட்டுக்காரம்மா, அவங்களும் பியானிஸ்ட்தான், ஃபோரேகிட்ட படிச்சவங்க. ரெனுவார், லொத்ரெக், வூயார், பொன்னார்னு எல்லாரும் அவங்களை உட்கார வச்சு வரைஞ்சாங்க, ரவேல் 'லா வால்ஸ்' இசையை அவங்களுக்குத்தான் அர்ப்பணிச்சார். 1911ல பெத்ருஷ்கா பாலே முதல் ஷோ அன்னிக்கு ராத்திரி திரை ஏற மாட்டேங்குது, என்னன்னா டிரெஸ் தைச்சவர் பாக்கியைக் கொடுத்தாத்தான் டிரெஸ்ஸுன்னு நிக்கிறார், பாலே கம்பெனி நடத்தின டியாகிலெவ் ஓடி வந்து மிசியாகிட்ட 4,000 ஃப்ராங்க் கேட்குறார், அவங்க டிரைவரை வீட்டுக்கு விரட்டி பணத்தை வரவழைச்சு ஷோவை நடத்துனாங்க. எனக்கு ரெண்டு பேரையும் பிடிக்கும், ஆனா தரம் பிரிக்கச் சொன்னா வின்னரெட்டா பக்கம்தான் நிப்பேன். மிசியா தீப்பிடிச்ச நேரத்துல தண்ணி ஊத்துனவங்க. இவங்க கிணறு வெட்டினவங்க. இவங்க ஆர்டர் கொடுக்கலன்னா பல இசை காகிதத்துக்கே வந்திருக்காது.

இதே ஹால்ல 1923 ஜூன் 25ஆம் தேதி ஸ்பெயின் கம்போஸர் ஃபாயாவோட பொம்மலாட்ட ஆபரா நடந்துச்சு. டான் கிஹோட்டே பொம்மலாட்டம் பார்க்க உட்காருவான், கதையில இளவரசியைத் துரத்திட்டு வர்ற படையை நெசம்னு நம்பி வாளை உருவிப் பொம்மைங்களை வெட்டித் தள்ளிடுவான், அந்தப் பகுதி. ஸ்பெயின்ல கிரனடாவுல இருந்து ஃபாயாவோட நண்பர்கள் பொம்மைங்களைச் செதுக்கிக் கொண்டு வந்தாங்க. திரைக்குப் பின்னாடி பொம்மையை ஆட்டினவங்கள்ல ரிக்கார்டோ வினேஸ் ஒருத்தர், ரவேல், டெபுஸி எழுதினதையெல்லாம் முதல் முதலா மேடையில வாசிச்ச பெரிய பியானிஸ்ட் அவர், அன்னிக்கு குச்சியைப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு நின்னார். பியானோவுக்கு முந்தின பழைய வாத்தியமான ஹார்ப்சிகார்டுல வாண்டா லாண்டோவ்ஸ்கா. மியூசியத்துல பூசணம் பிடிச்சுக் கிடந்த வாத்தியத்துக்கு நம்ம காலத்துக்காரர் ஒருத்தர் புதுசா எழுதியிருக்கார்னு எல்லாருக்கும் ஆச்சரியம். அங்க வந்திருந்த இளம் கம்போஸர் பூலாங்க் லாண்டோவ்ஸ்காவைப் பார்த்ததும் அப்பதான், அந்தப் பழக்கத்துல ஹார்ப்சிகார்டுக்கு ஒரு கான்செர்ட்டோவே, அதாவது ஒரு வாத்தியம் முன்னாடி நிக்க ஆர்கெஸ்ட்ரா கூட வாசிக்கிற இசையே, எழுதினார். ஒரு சாயங்காலம் நடத்தினா இன்னொண்ணு முளைக்குது பாருங்க.

எல்லாமே நினைச்ச மாதிரி நடந்துடல. ஸ்ட்ராவின்ஸ்கிக்கு 1915ல ஆர்டர் கொடுத்தாங்க, வீட்ல போடுற மாதிரி சின்னதா ஏதாவதுன்னு. அவர் சுவிட்சர்லாந்துல உட்கார்ந்து ரெனார்ட் எழுதினார், நரி சேவலை ஏமாத்துற கதை, சிம்பலம்னு ஒரு ஹங்கேரி வாத்தியத்தையும் அதுல சேர்த்தார், ஜெனிவாவுல ஒரு ஹோட்டல்ல அதைக் கேட்டு மயங்கிட்டாராம். கடைசியில அது இந்த வீட்ல நடக்கவே இல்ல, 1922ல பாரிஸ் ஆபராவுல தான் அரங்கேறிச்சு.

இன்டர்வெல்ல ஜூஸ் மட்டும்தான், சாப்பாடு கிடையாது. பத்தரை மணிக்கு வெளிய வந்தா 16ஆம் வட்டாரத்துல ஒரு கடை திறந்திருக்கல, பிஸ்கெட் தின்னுட்டுப் படுக்கப் போறேன்.

வெள்ளி, பாரிஸ்

நேத்து அந்த வீடு, இன்னிக்கு முழுக்க வேற பாரிஸ். 13ஆம் வட்டாரம். மெட்ரோவுல பிப்லியோதெக் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தா ரூ கான்டாக்ரேல், 12ஆம் நம்பர். சால்வேஷன் ஆர்மிங்கற கிறிஸ்தவத் தொண்டு அமைப்புக்காக லெ கார்பூசியே கட்டின வீடில்லாதவங்க விடுதி, சிட்டே த ரெஃபியூஜ். சண்டிகரைக் கட்டினாரே அவரேதான். வின்னரெட்டாவோட பணம் இதுல பெரிய பங்கு. 1933 டிசம்பர்ல திறந்தாங்க.

முன்பக்கம் ஒரு போர்ட்டிகோ, கூரை போட்ட முன்வாசல், அதைத் தாண்டி ஒரு சின்னப் பாலம் மாதிரி, அப்புறம் உருண்டையா ஒரு ரிசப்ஷன், தெருவுல இருந்து வர்ற மனுஷன் ஒவ்வொரு படியா உள்ள வரணும்னு யோசிச்சுக் கட்டியிருக்கார். அது அருமை. ஆனா பின்னாடி இருக்குற பெரிய கட்டடத்துக்கு அவர் பண்ணின வேலை இருக்கே. தெற்குப் பக்கம் மொத்தமும் கண்ணாடி, ஒரு ஜன்னலும் திறக்காது, உள்ள மிஷின் வச்சு காத்தைச் சுத்தம் பண்ணி அனுப்பிடுவோம்னு பிளான். குளிர்விக்கிற மிஷினுக்கு மட்டும் காசு பத்தல. கோடையில உள்ள இருந்தவங்க நிலைமை மே மாசம் வெயில்ல கண்ணாடி ஏத்தி நிறுத்தின கார்தான். போலீஸ் வரைக்கும் புகார் போய் ஜன்னல் வைக்கச் சொல்லிட்டாங்க, அவரு லேசுல ஒத்துக்கல. போருக்கு அப்புறம் பழுது பார்த்தப்பதான் வெயில் மறைக்கிற தடுப்பு வச்சாங்க, இப்ப கலர் கலரா தெரியுறது அதுதான். ஜன்னலைத் திறக்க விடாத ஆர்க்கிடெக்டை நம்ம ஊர்ல ரெண்டு நாள் தங்க வச்சிருக்கணும்.

விடுதி இன்னிக்கும் விடுதிதான், அதனால உள்ள போய் எட்டிப் பார்க்கல, போட்டோவும் எடுக்கல. வாசல்ல பெட்டியோட ஒரு குடும்பம் நின்னுக்கிட்டு இருந்துச்சு.

அங்கிருந்து ஆஸ்டர்லிட்ஸ் பக்கம் ஆத்தோரமா நடந்தேன். லூயிஸ்-கத்ரீன்னு ஒரு கான்கிரீட் படகு. முதல் உலகப் போர் நேரத்துல நிலக்கரி ஏத்த செஞ்சது. அதைக் குளிர்காலத்துல தெருவுல படுக்குறவங்க தூங்குற மாதிரி 1929ல மாத்திக் கொடுத்தார் கார்பூசியே, அதுக்கும் இந்த அம்மா பணம் கொடுத்திருக்காங்க. 2018ல ஆத்துல வெள்ளம் வந்து முழுகிப் போச்சு, 2020ல தூக்கினாங்க. அதே 13ஆம் வட்டாரத்துல ரூ த லா கோலோனின்னு ஒரு தெரு, அங்க தொழிலாளிங்களுக்கு 1911ல குடியிருப்பு கட்டிக் கொடுத்தாங்க, செங்கல் கட்டடம், பால்கனியில துணி காயுது. சாதாரணமா இருக்கு, அதுதான் நல்லா இருக்கு. போர்க்காலத்துல மேரி க்யூரி எக்ஸ்ரே வண்டி ஓட்டினாங்க இல்லையா, அதுக்கும் இவங்க உதவி உண்டு.

ப்ரூஸ்த் எழுதினதைப் படிச்சவங்களுக்கு 16ஆம் வட்டாரம் மட்டும்தான் தெரியும். இந்தப் பக்கத்தையும் பார்க்காம அவங்களைப் பத்திப் பேசுறது பாதிக் கதை.

சனி, வெனிஸ்

ஃப்ளைட் லேட், பெட்டி அதைவிட லேட், கவுன்டர்ல ஒரு பதிலும் ஒழுங்கா வரல, எழுதுற மூடு இல்ல. ஆனா ஏர்போர்ட்ல இருந்து படகுல வந்து இறங்குற ஊருன்னு ஒண்ணு இருக்குறதே பெரிய விஷயம். கால் வலி. குட் நைட்.

ஞாயிறு, வெனிஸ்

வாப்பரெட்டோ, அதாவது தண்ணி பஸ், 1ஆம் லைன், டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிஷம் செல்லும், எரிஞ்சுக்கிட்டேதான் வாங்கினேன். கிராண்ட் கனால்ல அக்காடெமியா மரப்பாலம் பக்கத்துல பலாட்ஸோ கோன்டரினி, இப்ப பேரே கோன்டரினி-பொலினியாக். கல்யாணத்துக்கு அப்புறம் வாங்கின அரண்மனை. முகப்புல வெள்ளைக் கல்லுக்கு நடுவுல ஊதா, பச்சைன்னு வட்ட வட்டமா மார்பிள் பதிச்சிருக்கு, தண்ணி வெளிச்சம் கீழ இருந்து மேல அடிக்கிறப்ப அந்த வட்டமெல்லாம் லேசா ஆடுது. தனியார் வீடு, உள்ள விட மாட்டாங்க. அதனால படகுல போய் அடுத்த ஸ்டாப்ல இறங்கி மறுபடி திரும்பி வந்து பார்த்தேன், 75 நிமிஷத்துக்குக் கணக்குத் தீர்க்கணும் இல்லையா.

இந்த அரண்மனை வர்றதுக்கு முன்னாடியே, 1891ல, இங்க ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஃபோரேவை வரவழைச்சாங்க. அவர் பாவம் பாரிஸ்ல பாடம் எடுத்து, சர்ச்ல வாசிச்சு, எழுதவே நேரமில்லாம நொந்து போயிருந்தார். தனியா ஒரு ரூம், பியானோ எல்லாம் ரெடி பண்ணிக் கொடுத்தா மனுஷன் அதுல உட்காரல, ஃப்ளோரியன் காபிக் கடையில அந்த இரைச்சலுக்கு நடுவுல உட்கார்ந்து மாண்டலின் பாட்டை எழுதினார், வெர்லேன் கவிதை. மத்தியானம் போய்ப் பார்த்தேன், காபி விலையைக் கேட்டுட்டு வெளியில நின்னே பார்த்தேன். சாயங்காலம் படகுல சின்னப் பியானோ ஒண்ணை ஏத்திக்கிட்டுப் போய் வாசிப்பாங்களாம். அந்த வருஷத்து அஞ்சு பாட்டும் அவங்களுக்குத்தான் அர்ப்பணம். வெர்லேனை வச்சே ஒரு ஆபரா பண்ணலாம்னும் பார்த்தாங்க, கவிஞர் ஆஸ்பத்திரியும் கையுமா இருந்தார், முன்பணம் போச்சு, ஒரு வரி வரல. அப்புறம் வேற கவிஞரை வச்சு புத்தரைப் பத்தி ஒரு ஆபரா எழுதலாம்னு ஃபோரே யோசிச்சார், அதுவும் நடக்கல. நடந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

பூலாங்க் ரெண்டு பியானோவுக்குச் சேர்த்து எழுதின கான்செர்ட்டோ இந்த ஊர்லதான் அரங்கேறிச்சு. 1932 செப்டம்பர் 5, லா ஃபெனிச்சே தியேட்டர், பூலாங்க்கும் அவர் சின்ன வயசு நண்பர் ஜாக் ஃபெவ்ரியேயும் வாசிச்சாங்க, ஸ்காலா ஆர்கெஸ்ட்ரா. ஆர்டர் கொடுத்தது யாருன்னு சொல்லவே வேண்டாம். அன்னிக்கு பூலாங்க், ஃபாயா, பியானிஸ்ட் ரூபின்ஸ்டைன் எல்லாரும் இந்த அரண்மனையில விருந்தாளிங்க. முதல் பகுதி கடைசியில வேகமெல்லாம் அடங்கி ஒரு மணிச் சத்தம் மாதிரி வரும், திரும்பத் திரும்ப, அது பாலி தீவு கமெலான், மணியும் தட்டுமா வாசிக்கிற குழு. முந்தின வருஷம் பாரிஸ் காலனிக் கண்காட்சியில பூலாங்க் கேட்டது. கேட்கலன்னா கேளுங்க, அந்த ரெண்டு நிமிஷத்துக்காகவாவது.

திங்கள், வெனிஸ்

காலையில ஃபெனிச்சே டூர் போனேன், ஹெட்ஃபோன்ல எல்லாம் சொல்றாங்க, இவங்க பேரு மட்டும் வரல. 1996ல எரிஞ்சு 2003ல திரும்பத் திறந்த தியேட்டர், அதனால பூலாங்க் வாசிச்ச மரம், துணி எதுவும் இல்ல, இருந்தாலும் அந்தத் தங்க பால்கனிங்க பழைய மாதிரியே செஞ்சிருக்காங்க, உட்கார்ந்துட்டு வந்தேன்.

பூலாங்க்கிட்ட அடுத்து அவங்க கேட்டது ஆர்கன் கான்செர்ட்டோ. தானே வாசிக்கிற மாதிரி லேசா எழுதுப்பான்னாங்க, அவர் வருஷக்கணக்கா இழுத்து, நடுவுல நெருங்கின நண்பர் ஒருத்தர் விபத்துல செத்து, அவர் மனசு மாறி, கடைசியில வந்தது அவங்க வாசிக்கவே முடியாத பெரிய, இருட்டான ஒண்ணு. 1938 டிசம்பர்ல அதே பாரிஸ் வீட்ல அரங்கேத்தினாங்க. ஆர்கன்ல துருஃப்ளே, நடத்தினது நாடியா பூலாஞ்சே, அந்தக் காலத்துல ஒரு பொம்பளை ஆர்கெஸ்ட்ரா நடத்துறதே அபூர்வம். அடுத்த வருஷம் போர். அவங்க இங்கிலாந்துல மாட்டிக்கிட்டாங்க, திரும்ப பாரிஸ் வரவே முடியல, 1943 நவம்பர் 26ஆம் தேதி லண்டன்ல இறந்தாங்க. டூலிப் படமெல்லாம் உயில்ல எழுதி வச்சபடி பிரான்ஸ் மியூசியத்துக்கு வந்துச்சு.

கல்லறை இங்கிலாந்துல டார்க்கீல இருக்கு, சிங்கர் குடும்பக் கல்லறை, எட்மண்டும் அங்கதான். அதையும் பார்த்துட்டு வந்திருக்கலாம், ஆனா ஷெங்கன் விசா அங்க செல்லாது, தனியா அப்ளை பண்ணணும், மறுபடி பேங்க் ஸ்டேட்மென்ட், மறுபடி கைரேகை. அடுத்த வருஷம் லீவு கிடைச்சா பார்க்கலாம். நாளைக்கு விடிகாலை ஃப்ளைட், கமென்ட்ல ஃபோரே பாட்டுக்கு எந்த ரெக்கார்டிங் நல்லதுன்னு கேட்டவங்களுக்கு ஊருக்குப் போனதும் பதில் போடுறேன்.